பம்பாய் 10

சோர் பஜார், வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமலும்.
ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தேழு என்றார் நூருதீன் பாய்.
அப்போது டார்ச் ஏது என்றேன்.
அப்படியானால் நாற்பத்தேழு என்றார்.
தொண்ணூறு வருஷத்தை ஒரே மூச்சில்
தள்ளுபடி செய்த மனுஷன்
விலையில் மட்டும் அசையவில்லை.

பித்தளை உடம்பு. மூன்று கட்டை போடும் நீளம்.
விரல் தடிமனுக்குக் கண்ணாடி.
சுவிட்ச் கிடையாது, தலையைத் திருகினால் எரியும்:
கடலுக்குப் பயந்து
உடம்பில் துளை போடாதவர்கள் செய்தது.
புளி போட்டுத் துலக்காதீர்கள் என்று
எத்தனை முறை சொல்லியும்
ஒரு பக்கத்தைத் தங்கமாக்கி வைத்திருந்தார்.
மறுபக்கத்தில்
கொட்டலசு ஒட்டிப் பிய்ந்த வெள்ளை வட்டங்கள்.
அதற்கும் கீழே, களிம்புக்குள்,
நகத்தில் இடறியது முகவரி:
மஜ்காவ், பம்பாய் 10.

ஆறு இலக்கம் இல்லை. வெறும் பத்து.
ஆக, எழுபத்திரண்டுக்கு முன்.

உள்ளே, பேட்டரி ஆடாமலிருக்க
எவனோ மடித்துச் செருகிய பஸ் டிக்கெட்.
பத்து நயா பைசா.
ஆனால் டிக்கெட் சொல்வது ஆளின் தேதியை,
விளக்கின் தேதியை அல்ல.
கடலில் முங்குகிறவன்
பஸ்ஸில்தான் போயிருக்கிறான்
என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எதையும் மாற்றாமல் இருந்தால் ஒன்பதாயிரம்
என்றிருந்தார் கொச்சிக்காரர்.

ஞாயிறு, நாலரை மணி, சயான் கோலிவாடா.
தண்ணீர் வந்துவிட்டது.
மோட்டார் ரூம் சாவி
சாவந்த் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள்.
நாலு மாடியும் வாளியோடு நிற்கிறது.
மொபைல் வெளிச்சங்கள் எல்லாம்
மேலேயே நின்று
எங்கள் முகங்களையே எங்களுக்குக் காட்டின.

மாடிக்கு ஓடினேன்.
பழைய ரப்பர் வளையம்
அப்பளம் போல நொறுங்கியது.
மிக்ஸி ஜாரின் வாஷர் பொருந்தியது,
சொல்லிவைத்தாற்போல.
திருகினேன். மஞ்சள்.

கயிற்றில் இறங்கி
ஏழடி ஆழத்தில், சிமெண்ட் தரையில்,
ஒரு சோப்பு டப்பா, ஒரு ரூபாய், ஒரு பல்லி,
சாவி.
(இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோமா
என்று யாரோ மராத்தியில் கேட்டார்கள்.
யாரும் பதில் சொல்லவில்லை.)
ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் விட்டு
சாவியை இழுத்தான் சாவந்த் மகன்.

நோட்டில் திருத்தினேன்:
வளையம் மாற்றப்பட்டது.
கடைசியாக முங்கியது இன்று,
ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில்.
கசிவு இல்லை.

கொச்சிக்காரரிடம் எப்படிச் சொல்வது
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
சட்னிக்குத் தேங்காய் துருவி வைத்துவிட்டு
வாசலில் கை நீட்டி நிற்கிறாள் கலாராணி,
வாஷருக்கு.