சும்மா

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறி
கம்பத்தில் இறங்கினோம்.
தூக்கில் புளிச்சோறு, இரண்டு பாட்டில் தண்ணீர்,
இன்னாசியின் தோளில் ஒரு குடை.
மழை இல்லை. அவர் அப்படித்தான்.

தோட்டத்துக்குள்ளே போனால் மலையடி பக்கம் என்றார்
மோட்டார் ரூமில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்.
"குலையில மட்டும் கை வச்சுராதீக,
முந்தாநேத்துதான் மருந்தடிச்சது."
இலைகளில் மயில்துத்தம் காய்ந்து
நீலம் பூத்திருந்தது.

கல்தூண், கம்பி, கம்பியெல்லாம் கொடி.
பன்னீர் திராட்சை எங்கள் நெற்றிக்குத் தொங்கியது.
இன்னாசி முதுகை மடக்கினார், நானும் மடக்கினேன்.
பெலிக்ஸ் இந்த வருசம் விறுவிறுவென வளர்ந்துவிட்டான்,
அவனும்.
ஆறு வயசு ஷெரின் மட்டும் நிமிர்ந்து போனாள்
இரண்டு கையையும் வீசிக்கொண்டு,
தன் அளவுக்குக் கட்டிய வீட்டைச்
சுற்றிப் பார்க்க வந்தவள்போல.

"பூசையில சாமியார் குடிக்கிறது இதுதானாம்மா?"
"இதேதான். புளிக்க வச்சா ரசம்."
"அப்ப சரக்கு?"
இது பெலிக்ஸ்.
இன்னாசி குடையை மறுதோளுக்கு மாற்றினார்.
போன கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட ஜாடி
பத்தாம் நாளே பொங்கி
அடுக்களைச் சுவரில் அடித்த ஊதா
வெள்ளையடித்தும் போகாமல் இருப்பதைச் சொல்லி
பேச்சைத் திருப்பினேன்.

பந்தல் முடிந்ததும் முதுகு நிமிர்த்தினால்
மூக்குக்கு நேரே மலை.

ரோடு வருவதற்கு முன்னாலேயே
ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏறிய தடம்.
கல்லெல்லாம் நடுவில் குழிந்து வழவழத்திருந்தது.
இப்போது அவர்களை ஜீப் அள்ளிப் போகிறது,
ஒரு ஜீப்புக்குப் பதினெட்டுப் பேர்,
பின்னால் தொங்குகிறவர்கள் கணக்கில் இல்லை.

விறகுக் கட்டோடு ஒருத்தி இறங்கி வந்தாள்.
என் வயசுதான் இருக்கும்.
"ஜீப்பு கெட்டுப்போச்சா?"
"இல்லக்கா."
"நேத்திக்கடனா?"
"அதெல்லாம் இல்ல."
"மேல யாருக்கும் உடம்பு முடியலையா?"
"சும்மா நடக்குறோம்க்கா."

கட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் சிரித்தாள்.
"பதினஞ்சு வருசமா இந்தக் கல்லுல ஏறுறேன்.
சும்மா ஒரு நாளும் ஏறல."
எனக்குக் காது சுட்டது.
"சரி, நானும் செத்த நேரம் சும்மா இருக்கேன்" என்று
பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.
புளிச்சோற்றில் உப்புக் குறைவு என்றாள். குறைவுதான்.
போகும்போது மடியிலிருந்து
நாலு நெல்லிக்காய் எண்ணிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஷெரின் நடக்கவில்லை.
பந்தலுக்குள் ராணியாய் இருந்தவள்
அப்பா கழுத்தில் ஏறிக்கொண்டு
குடையால் அவரை இடமும் வலமும் ஓட்டினாள்.
ஆக, குடை எதற்கு என்று தெரிந்தது.

மெட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போதே
செல்போன் துடித்தது: கேரளத்துக்கு நல்வரவு.
"வந்தாச்சு!" பெலிக்ஸ் கத்தினான்.
"என் காலு இன்னும் வரல,
எறக்கி விடுங்கப்பா."
கடைசி அம்பது அடியை
அவளே நடந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

திரும்பிப் பார்த்தோம்.
கீழே அத்தனை பந்தலும் சேர்ந்து ஒரே பச்சைப் பாய்.
அதற்கடியில் இந்நேரம்
யார் யார் குனிந்திருக்கிறார்களோ,
இங்கிருந்து ஒரு தலையும் தெரியவில்லை.

டீக்கடைச் சேட்டன் எங்கள் முட்டி வரை ஏறிய
புழுதியைப் பார்த்தார்.
"நடந்நோ? எந்தினா?"
இன்னாசி மலையாளம் தேடி
வாயைத் திறந்து மூடினார்.
அவரே முடித்தார்: "ச்சும்மா?"

ஷெரின் கிளாஸைக் கீழே வைத்தாள்.
"அம்மா, அவருக்கும் சும்மா தெரியுது!"

இறங்கும் பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு
பிள்ளைகள் தூக்கத்தில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தார்கள்.
அப்போதுதான் கவனித்தேன்,
இன்னாசியின் நரையில்
தலைக்கு மேல் உரசிய இலைகளின் நீலம்.
தட்டிவிடக் கையைத் தூக்கினேன்.
பிறகு, இருக்கட்டும்.