பன்னிரண்டும் ஐந்தும்

கோபாலபுரம் செக்போஸ்டில் போன் மூன்று சதவீதம்.
பின்சீட்டில் தெர்மாகோல் பெட்டி,
உள்ளே ஐஸ், ஐஸுக்கிடையே
பதினேழு பேருடைய ரத்தம்.
குழாய்க்குக் குழாய் கோடு போட்ட ஸ்டிக்கர்.
கோடுகளைப் படிக்கப் போன் வேண்டும்.
படிக்காத ரத்தம் யாருடையதும் இல்லை.

பொள்ளாச்சியிலேயே செருகிவிட்டேன்.
காரோடு பிறந்த ஸ்டீரியோ, அதன் வால்நுனியில்
முப்பது பல் கொண்ட பழைய வாய்,
அந்த வாய்க்கும் என் புதுப் போனுக்கும் நடுவே
நானூறு ரூபாய் வெள்ளைக் கட்டை ஒன்று.
பாட்டு வருகிறது, சுத்தமாக வருகிறது.
திரையில் மட்டும் ஒரு வரி:
இந்த இணைப்பில் சார்ஜ் ஏறாது.
பாடிக்கொண்டே பட்டினி கிடக்கிறது.

லைட்டர் துளையைக் கேட்காதீர்கள்.
எப்போதோ விழுந்த ஐம்பது காசு
அங்கேயே உருகி உட்கார்ந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை, கள்ளுக்கடைக்கு எதிர்வரிசை.
சிக்கந்தர் ராவுத்தர் தலைகீழாகப் படுத்து
டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பேசினார்.
பாதி தமிழ், பாதி அதற்கு அடுத்த வீடு.
'பழசுக்குப் பன்னெண்டு வோல்ட்டு, சாமியப்பா.
அத இந்தக் கால்ல குடுக்கும்.
புதுசு அஞ்சுதான் கேக்கும், அதும் வேற கால்ல.
இவன் தர்றது அவனுக்கு வேண்டா,
அவன் தேடறது இவங்கிட்ட இல்ல.
பாட்டுக்கு மட்டும் தனிக் கால். அதான் பாடுது.'

பிறகு கேட்டார்: 'முந்தி இதுல என்ன தூங்கிச்சு?'

கையுறைப் பெட்டியில், இன்சூரன்ஸ் காகிதத்துக்குக் கீழே,
காரோடு சேர்ந்து வந்த மியூசிக் பிளேயர்.
சோப்புக் கட்டி பருமன், முதுகெல்லாம் கீறல்.
செருகியதும் பச்சை எரிந்தது.
ஆறு வருஷப் பசிக்காரன் மாதிரி
பன்னிரண்டையும் மடமடவென்று குடித்தது.

சோதித்துப் பார்க்க ஒன்றைத் தட்டினார்.
பாட்டில்லை. ஒரு ஆள் தொண்டையைச் செருமினார்:
'ஒரு லக்ஷத்தி முப்பத்திநாலாயிரத்தி
இருநூற்றிப்பத்து. டீசல் முப்பது லிட்டர்.'
அவ்வளவுதான். அதற்கு முன் இன்னொன்று,
அதற்கும் முன் இன்னொன்று, நானூறுக்கு மேல்,
எல்லாம் கிலோமீட்டர், எல்லாம் டீசல்.
ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முந்தைய பெயர்
ஐப் குரியாக்கோஸ், ஒலவக்கோடு.
இவராகத்தான் இருக்கவேண்டும்.

நான் வாங்கியபோது மீட்டர் காட்டியது
அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.
புரோக்கர் அதைத் தட்டிக் காட்டினார்,
மாட்டின் பல்லைக் காட்டுவது போல.

ராவுத்தர் மீட்டரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
அவசரமாக ஸ்க்ரூ தேடினார்.

தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டியை
நடுவில் கோத்து டேப் சுற்றினார்.
ஒரு பக்கம் பன்னிரண்டை வாங்கி
மறுபக்கம் ஐந்தாகக் கொடுக்குமாம்.
போனில் மின்னல் குறி. நான்கு. ஐந்து.
வேலந்தாவளம் போவதற்குள் பதினேழு ரத்தத்துக்கும்
பெயர் கிடைத்துவிட்டது.
ஒருவருக்குச் சர்க்கரை முன்னூற்றுப் பத்து,
அது மறுநாள் தெரிந்த விஷயம்.

இந்தப் பெட்டி வழியாகப் பழையவனுக்கு ஏறாது,
அதையும் சொல்லித்தான் அனுப்பினார்.
அதனால் திரும்பும் வழியில், வண்ணாமடை தாண்டி,
வேலியோரம் வண்டியை ஒதுக்குகிறேன்.
பெட்டியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம்
பிளேயருக்குக் கொடுக்கிறேன்.
போன் காத்திருக்கட்டும், எழுபதில் இருக்கிறது.

புரோக்கர் நம்பருக்கு அடிக்கவில்லை.
அடித்தால் என்ன சொல்வான் என்று தெரியும்,
எந்த மொழியில் சொல்வான் என்பதுதான் தெரியாது.

நேற்று பங்கில் மீட்டர்
எழுபத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.
துடைத்துவிட்ட எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தை
பில்லின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு,
பச்சை எரியும் அந்தச் சோப்புக் கட்டியைப் பார்த்து
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து
எண்ணூற்று எழுபத்திரண்டு.
இருபது லிட்டர்.