காற்று நிற்கும் இரவுக்காக

கொமோதோரோவில் காற்று நிற்கும் இரவுகளை
விரல் விட்டு எண்ணிவிடலாம்.
தூற்றிக்கொள்ளலாம் இந்தக் காற்றில்,
பற்றவைக்க முடியாது.
வெல்டிங் வாயுவை ஊதித் தள்ளிவிட்டு
உருகும் இரும்புக்குள் தானே போய்க் குடியேறும்.
ஆறியபின் தேய்த்துப் பார்த்தால்
ரொட்டியின் உள்வயிறு போலத் துளைதுளையாய்.
ரொட்டிக்கு அது அழகு.
பதினெட்டு வருடமாக ரொட்டி சுடுகிறவள் சொல்கிறேன்,
சேஸிக்கு ஆகாது.

எழுபத்துமூன்றாம் வருடத்து ஃபோர்டு.
ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இரண்டாய் அறுத்து
அறுபது சென்டிமீட்டர் நீட்ட வேண்டும்.
அங்கேதான் அடுப்பு உட்காரப் போகிறது,
செங்கல் சேர்க்காமலே நானூற்று இருபது கிலோ.
கடைக்கு வாடகை கொடுத்து மாளவில்லை.
எண்ணெய்க் கிணற்று ஆட்கள் கடைக்கு வருவதுமில்லை.
நான் போகிறேன்.

கதவிடுக்கில் கம்பளி திணித்தேன்.
மாவுச் சாக்குகளை நனைத்துத் திரை கட்டினேன்.
பாட்டரி வயரைக் கழற்றினேன்
(போன முறை மறந்ததற்கு
ரேடியோவைப் பலி கொடுத்தாயிற்று).
முதல் பொறி விழுந்ததும்
எதிர்வீட்டு இதெல்வினாவின் விளக்கு கண் சிமிட்டியது.
இரண்டாம் பொறிக்கு அவளே வந்துவிட்டாள்,
செருப்பும் கோபமுமாக.
எட்டு முதல் ஒன்பது வரை அவளுக்குத் தொடர்.
சரி, அந்த ஒரு மணி நேரம் அளக்கிறேன் என்றேன்.

அளப்பதற்கும் பஞ்சமில்லை.
இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலை,
வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலை.
இரண்டும் ஒன்றானால் வண்டி நேராக ஓடும்.
மூன்று மில்லிமீட்டர் இடித்தது.
ஜாக்கியை ஒரு சுற்று, அரைச் சுற்று,
கால் சுற்று.
எதிர்வீட்டில் யாரோ யாரையோ
கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள்;
வசனம் இங்கே வரை கேட்டது.

ஒரே மூச்சில் ஓட்டினால் இரும்பு முறுக்கிக்கொள்ளும்.
இங்கே மூன்று விரற்கடை,
எழுந்து போய் எதிர்ப்பக்கம் மூன்று விரற்கடை,
பிறகு காத்திருப்பு.
காத்திருக்கையில் நாளைய மாவைப் பிசைந்தேன்.
கையுறை மாற்ற மறந்து
ஒரு ஈடு ரொட்டி புகை வாசத்தோடு விற்றது.

தம்பி எவரிஸ்தோ கிணற்றில் குழாய் பற்றவைப்பவன்.
பிறந்தநாள் பரிசாக
பத்து மில்லிமீட்டர் தகடு நான்கு கொண்டுவந்தான்.
"இரும்பு போதாமல் செத்தவன் உண்டு, ஒஃபேலியா,
அதிகமாகிச் செத்தவன் உண்டா?"
ஒட்டின இடத்தின் மேல் தகடு,
தகட்டின் மேல் இன்னொரு தகடு.
வண்டியைப் பார்த்தால்
மழைக்குப் பயந்து
நாலு சட்டை போட்டவன் மாதிரி இருந்தது.

அடுப்புக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி
சர்மியெந்தோ பக்கம், சரளைக் கல் பாதையில்.
நாற்பதாவது கிலோமீட்டரில்
டங்.

டார்ச்சோடு அடியில் புகுந்தேன்.
உயிரைக் கொடுத்து ஒட்டிய இடத்தில்
ஒரு கீறல் இல்லை.
தம்பியின் தகடு முடிகிற இடத்தில்,
அதைத் தாண்டி ஒரு விரல் தள்ளி,
நான் தொட்டே பார்க்காத நல்ல இரும்பில்
தலைமுடி போல ஒரு விரிசல்.

அவன் ஒன்றும் பேசவில்லை.
கிரைண்டரை எடுத்துத் தன் பரிசைத் தானே அறுத்தான்.
மேல் தகடுகள் போயின.
மிச்சத்தின் செங்குத்து ஓரங்களைச் சாய்வாக்கி
மீன்வால் போலக் கூராக்கினான்.
விரிசலின் நுனியில் ஒரு துளை போட்டான்,
ஓடிவருகிறவனை முட்டுச்சந்தில் நிறுத்துகிற மாதிரி.
பிறகு நானே அதை நிரப்பினேன், நிதானமாக.
கொஞ்சம் வளையட்டும், விடு என்றான்,
தகட்டைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் காற்று நின்றிருந்தது.
மணி எட்டாகிப் பத்து நிமிடம்.
இதெல்வினா டார்ச் பிடித்துக்கொண்டு
வண்டிக்கடியில் குந்தியிருந்தாள்.
தொடர்? என்றேன்.
திரும்பி வந்துவிட்டானாம், சலிப்பாக இருக்கிறது என்றாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொறிக்காக.

அடுப்பு ஏற்றியபின் மறுபடி அளந்தேன்.
ஒரு மில்லிமீட்டர்.
யாரிடமும் சொல்லவில்லை.