கெயின்

புதுவயல் அரிசி ஆலைகள்
கரண்ட் போய் நின்ற நிமிடத்தில்தான் தெரிந்தது,
நிற்காத ஒன்று என்னிடம் இருக்கிறது.
ஙீ என்று, ஒற்றைச் சுதியில்,
இடது காதில் கொஞ்சம் கூடுதலாக.

வண்டு போயிருக்கும் என்று
உப்புத் தண்ணீர் ஊற்றினாள் அடைக்கம்மை.
எதுவும் மிதந்து வரவில்லை.

முப்பது வருஷ மைக்செட்.
நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே படுத்துத் தூங்கியவன்.

காரைக்குடியில் டாக்டர் நஸ்ரீன்
மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு நத்தை வரைந்தார்.
உள்ளே நுண்ணிய மயிர்கள், சில செத்துவிட்டன,
அவை அனுப்பிய ஒலி வராததால்
மூளை தேடுகிறது, கூட்டிக் கூட்டி வைத்து.

அட, இது தெரிந்த கதை.
மைக் வயர் அறுந்தது தெரியாமல்
கெயினைத் திருகுகிற பையன்.
வருவது பேச்சல்ல, பெட்டியின் சொந்த இரைச்சல்.
எத்தனை பையன்களைத் தலையில் தட்டியிருக்கிறேன்!
இந்தத் தலையில் எங்கே தட்ட?

நேற்று ராத்திரி டோன் ஜெனரேட்டரை எடுத்து
மெல்ல மெல்ல நகர்த்தினேன்.
ஆறாயிரத்து இருநூறில்
வெளியே எது உள்ளே எது என்று தெரியவில்லை.
"இதுதான்" என்றேன்.
அடைக்கம்மை பல்லைக் கடித்துக்கொண்டு
பத்து எண்ணும் வரை கேட்டாள்.
"நிறுத்துங்க."

நிறுத்தினேன்,
அவளுக்கு.