இடப்பக்கம்

கனகேசனின் ஜீப் இடப்பக்கம் இழுக்கிறது.
மூன்று அங்குலம் தூக்கிக் கட்டிய நாளிலிருந்து
என்று ஒரு முறை சொன்னார்.
இல்லை, அதற்குப் பிறகுதான் என்று இன்னொரு முறை.
இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மஸ்கெலியாவில் எல்லா வண்டியும் இடப்பக்கம் இழுக்கும்.
மழை வழிந்தோட
ரோட்டையே கானுக்குச் சாய்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.
வண்டியின் குறையை ரோட்டின் குறையிலிருந்து பிரிக்க
மட்டமான நிலம் வேண்டும்.
மலையில் எங்கே போவது அதற்கு?
எனக்கு வருடத்தில் ஆறேழு வாரம் கிடைக்கும்:
மவுசாக்கலைத் தண்ணீர் இறங்கி
பழைய டவுன் ரோட்டு வெளியே தலைகாட்டும்போது.

இறக்கிக்கொண்டு போனோம்.
வெடித்த சேறு, வெயிலில் ஒரு கொக்கு,
கூரையில்லாத கோயில்.
முப்பதில் ஓடவிட்டு
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன்.
ஐந்து எண்ணுவதற்குள் மூக்கு திரும்பியது.
ஒன்பதில்
கோயில் படிக்கட்டுக்கு நேரே பிரேக் அடித்தேன்.
"சாமி கூப்பிடுது தங்கச்சி."
"காத்தை முதல்ல பாப்போம்."

காற்று இடப்பக்கம் இருபத்திரண்டு, வலப்பக்கம் இருபத்தெட்டு.
கண்டுபிடித்தாயிற்று என்று
டெரன்ஸ் சாமான்களை மூடத் தொடங்கினான்.
ஒரு குறை அகப்பட்டதும்
இன்னொரு குறையைத் தேட யாருக்கும் மனம் வருவதில்லை.
சமமாக நிரப்பி ஓட்டினேன்.
அதே படிக்கட்டு.

முன் சில்லுகளைப் பக்கம் மாற்றிப் போட்டோம்.
டயரில் கோளாறென்றால் இழுப்பும் கூடவே பக்கம் மாறணும்.
மாறவில்லை.
பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று
டிரம் இரண்டையும் புறங்கையால் தொட்டேன்.
இரண்டிலும் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையின் சூடு.

நல்லதண்ணிக்கு ஏற்றிப்போன ஜேர்மன்காரர்
இடப்பக்கமே உட்கார்ந்தார், நல்ல கனம்,
அதனால் இருக்குமோ என்றார் கனகேசன்.
அவர் இறங்கி ஒரு மாதமாகிறது என்று
நான் சொல்லவில்லை.

டேப்பைப் பிடித்தோம்,
பின் சில்லின் நடுவிலிருந்து முன் சில்லின் நடுவுக்கு.
"அக்கா, இந்தப் பக்கம் எண்பது."
"அந்தப் பக்கம்?"
டெரன்ஸ் பதில் சொல்லாமல்
டேப்பை விட்டுவிட்டு மறுபடி பிடித்தான்.
எண்பதுக்கு ஒரு விரல் குறைவு.

மல்லாந்து உள்ளே போனேன்.
பட்டைகளைச் சேர்த்து, அக்சிலின் குழியில் உட்காரும் போல்ட்
சுண்டுவிரல் அளவுதான்.
அதன் தலை மட்டும் குழியில் இருந்தது,
புது முறிவு இல்லை, துரு ஏறியிருந்தது.
யூ-போல்ட் நட்டை விரலால் தொட்டேன், சுற்றியது.
குருநாகலில் தூக்கிக் கட்டியவன்
ஐநூறு கிலோமீற்றரில் மறுபடி முறுக்கச் சொன்னானாம்.
யாருக்கு ஞாபகம்?

"எங்கே இடிச்சீங்க?"
"இடிக்கல்ல."
கொக்கு எழுந்து போய்
தண்ணீர் மிச்சமிருந்த பக்கம் உட்கார்ந்தது.
"பொங்கலுக்கு மறுநாள்,
கான்ல ஒரு சில்லு. சும்மா, லேசா.
மகள் டோஹாவிலயிருந்து எடுத்தா.
எத்தனையோ நாளைக்குப் பிறகு எடுத்தா."
அதற்கு மேல் நான் கேட்கவில்லை,
அவரும் ஜக்கின் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்சிலை முன்னுக்குத் தள்ளி
புது போல்ட் போட்டு
நான்கு யூ-போல்ட்டையும் மூலைக்கு மூலை முறுக்கினோம்.
டேப்: எண்பது, எண்பது.
கையை விட்டேன். இருபது எண்ணினேன்.
பழைய ரோட்டு வளையும் இடம் வரைக்கும்
ஜீப் நேரே போனது.

"இப்ப நீங்க ஓட்டுங்க."
ஓட்டினார்.
ஐம்பது யார் போவதற்குள்
வலப்பக்கச் சில்லு சேற்றில் இறங்கிவிட்டது.
"இப்ப இந்தப் பக்கம் இழுக்குதே!"
அவருடைய முழங்கையைப் பார்த்தேன்,
இரண்டு மாதமாகப் பிடித்த பிடியிலேயே இருந்தது.
"இழுக்கிறது நீங்க."
நம்பவில்லை. இறங்கி
டயரை ஒரு உதை உதைத்தார்.

பில்லில் போல்ட் ஒன்று, யூ-போல்ட் நான்கு,
கூலி அரைநாள் எழுதினேன்.
பாதிதான் கொடுத்தார், மீதி போயாவுக்குப் பிறகு.
மேலே ஏறும் முதல் வளைவில்
ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்,
ரோட்டின் நடுவால்,
எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை.