அசையாமல் இருக்கப் பழகுதல்

பள்ளிப் பேருந்தை ஒன்பது மணிக்குக் கொட்டகையில் விட்டால்
மூன்று மணிவரை நான் யாருக்கும் தேவையில்லை.
அந்த ஆறு மணி நேரத்துக்காகத்தான்
லட்லோ சந்தையில், பெட்டியில்லாமல், பட்டை அறுந்து கிடந்த
இந்தக் கேமராவை வாங்கினேன்.
முன்பு வைத்திருந்தவர் யாரோ
அடிப்பக்கத்தில் ஆணியால் கீறியிருக்கிறார்:
மூச்சை விட்டுவிட்டு அழுத்து.

முதல் குளிர்காலம் முழுக்க வேலிக்கதவுகள்.
கதவு, பனியில் கதவு, கதவின்மேல் பனி.
ஷ்ராப்ஷையர் குன்றுகளில் கதவுக்கா பஞ்சம்?
முள்கம்பியில் சிக்கிய ஆட்டு மயிரை
நாற்பது தடவை எடுத்தேன்.
முப்பத்தொன்பதில் கம்பி தெளிவு, மயிர் புகை.
நாற்பதாவதில் என் கட்டைவிரல்.

பண்ணைக்காரர் குவில்ட் வண்டியை நிறுத்திக் கேட்டார்:
"என்னத்தை எடுக்கிறாய்?"
"வெளிச்சத்தை" என்றேன். எங்கோ படித்தது.
வானத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை.
"கீழ்வயலில் காளை நிற்கிறது.
அதற்கு வெளிச்சம் ஆகாது" என்றுவிட்டுப் போனார்.

மார்ச்சில் ஒரு விடியல்.
டீம் ஆற்றின்மேல் மூடுபனி பாலாடைபோல் விலக
அக்கரையில் சாம்பல் நாரை, ஒற்றைக் காலில்.
எல்லாம் கூடி வந்தது.
மெமரி கார்டு வீட்டில், கணினியின் வாயில்.
அதனால்தானோ என்னவோ
அந்த நாரை மட்டும் இன்னும் மங்கவில்லை.

ஏப்ரலில் மழை பிடித்துக்கொள்ள, தோட்டத்துக்குத் திரும்பினேன்.
இருபதடி அகலம். போதும்.
நத்தை ஒன்று பூந்தொட்டி விளிம்பைக் கடந்து முடிப்பதற்குள்
லென்ஸின் துளையும் ஷட்டரின் வேகமும்
ஒன்றையொன்று எப்படி ஏய்க்கும் என்று கற்றேன்.
ராபின் குருவி மண்வெட்டிப் பிடியில் அமரும்,
நான் கண்ணை வைக்கும்வரை.
எத்தனை நல்ல மண்வெட்டிப் படங்கள் இருக்கின்றன என்னிடம்!

ஜூன். வியாழக்கிழமை.
குளவி வேஷம் கட்டிய ஈ ஒன்று
அவரைப் பூவின் முன் அந்தரத்தில் நின்றது,
ஆணியடித்து மாட்டியதுபோல்.
பாத்தியில் குப்புறப் படுத்தேன்.
முழங்கையில் ஈரம், தாடையில் மண்.
எறும்பொன்று காதுக்குள் நுழைந்து, யோசித்து, வெளியேறியது.
இருபது நிமிடம். நூற்றுப் பதினோரு படம்.
மூச்சை விட்டேன், திரும்ப இழுக்கவில்லை.

அப்போதுதான் வேலிச்செடி பிளந்தது.
அதன் உயரத்துக்காக ஒன்பது வருஷம்
என்னோடு பேசாத வினிஃப்ரெட் பெடோஸ்
அதன் ஊடாகவே வந்தாள்.
ஒரு காலில் செருப்பு, கையெல்லாம் மாவு, தலையில் இலை.
"கிளெம்! கிளெம்!"
அவளுக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.
திரும்பினேன். விரல் தானாக அழுத்தியது.

"செத்துக்கித்துப் போனாயோ என்று..."
"ஈ" என்றேன்.
"ஈயா?"
"ஈதான்."
என்னையும் ஈயையும் வேலியையும் சேர்த்துத் திட்டிவிட்டு
வந்த ஓட்டை வழியே போய்விட்டாள்.

இரவில் திரையில் போட்டுப் பார்த்தேன்.
நூற்றுப் பதினொன்றிலும் ஈ ஒரு மஞ்சள் கறை.
நூற்றுப் பன்னிரண்டாவதில்
இமைமயிரைக்கூட எண்ணலாம்.
மாவு படிந்த புருவம், மூடாத வாய்.
நான் இல்லாமல் போனால்
இந்த ஊரில் ஒரு முகம் என்ன ஆகும் என்பதைப்
பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன்,
அணைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன்.
கெட்டில் கொதித்து, தானே அடங்கியது.

அழிக்கவில்லை. காட்டவும் இல்லை.

மறுநாள் ஓட்டையில் தலை தெரிந்தது.
"வந்ததா உன் ஈ?"
"மங்கல்."
"அப்புறமென்ன, மறுபடி படு" என்றாள்.
"ஆனால் அவ்வப்போது ஒரு காலையாவது ஆட்டு.
எனக்கு அடுப்பில் ரொட்டி இருக்கும்."