இரண்டாயிரம் அடி, சுமாராக

லாஸ்பேட்டையில் ஏறும்போது காற்று
துவைத்து மடித்த வேட்டிபோல் கிடந்தது.
பதினொரு மணிக்கு, பெண்ணையாறு கடலில் சேரும் இடத்தில்
யாரோ அதை எடுத்து உதறினார்கள்.

பின்னால் ஜுல்பிகார், பரங்கிப்பேட்டைக்காரர்,
விமானத்தின் அடியில் வெட்டிய ஓட்டைக்கு மேல் கேமராவைக் கட்டி
கடல் தின்ற கரையை அளக்கிறார்.
அவருக்கு ஒரே நிபந்தனை: இரண்டாயிரம் அடி.
கூடினாலும் குறைந்தாலும்
படத்தோடு படம் ஒட்டாது.
வாயில் எலுமிச்சைத் துண்டு.

தாழங்குடா மணல் தூக்கியது. முள் இரண்டாயிரத்து எண்பது.
மூக்கை அழுத்தினேன்.
அழுத்திய நொடியில் கீழே ஆறு வந்துவிட்டது;
தூக்கிய காற்று கையை எடுத்துக்கொண்டது.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
இழுத்தேன். அடுத்தது ஏற்றிவிட்டது.
"அக்கா, பஸ்ஸா ஓட்டுறீங்க?"

கடன் வாங்கிப் போனவனைத் துரத்துவதுபோல்
முள்ளைத் துரத்திக்கொண்டிருந்தேன்.
முள் சொல்வதெல்லாம் பழைய சேதி.
ஏறிவிட்டோம் என்று அது சொல்லும்போது
இறங்கத் தொடங்கியிருப்போம்.

அப்புறம் செய்தது இவ்வளவுதான்.
வேகத்தைக் குறைத்தேன்.
ஐந்து விரலில் மூன்றை விடுவித்தேன்.
முன்கண்ணாடியில் அப்பிச் செத்திருந்த பூச்சியை
கடலும் வானமும் தொடும் கோட்டில் வைத்தேன்.
பூச்சி கோட்டைவிட்டு நகராதவரை
ஏறினால் ஏறட்டும்,
இறங்கினால் இறங்கட்டும்.

சிப்காட் தகரக் கூரைகள் தூக்கின.
விட்டேன்.
உப்பனாறு இறக்கியது.
விட்டேன்.
பட்டை தோளை அறுத்தது. தண்ணீர் பாட்டில்
கூரையில் முட்டி என் மடியில் விழுந்தது.
உடம்பு பதறத்தான் செய்தது. விரல் இரண்டு மட்டும்
பாலாடையில் பால் புகட்டுகிற மாதிரி.

தரையிறங்கிப் பதிவேட்டில் எழுதினேன்: உயரம் 2000 அடி.
எந்த நொடியிலும் அது சரியாக அவ்வளவு இல்லை.

சாயங்காலம் ஜுல்பிகார் படங்களைக் கோத்தார்.
கரை வரிசையாக வந்தது, பல் போன ஈறுபோல.
ஒட்டாமல் நின்றது ஒன்றுதான். நூற்றுப் பதினாலு.
நான் முள்ளைத் துரத்திய இடம்.
அதில் மணல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.
மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி
நெற்றிமேல் கைவைத்து அண்ணாந்தது
நிழலில் தெரிந்தது.

"இது கணக்குல சேராதுக்கா."
அழிக்கப்போன விரலை அவரே நிறுத்தி,
தனியாக ஒரு கோப்பில் போட்டு
'பஸ்' என்று பெயர் வைத்தார்.